சொந்தப் பாவமும் வந்த பாவமும்

தாணுலிங்கத்தின் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் முதல்முதலாக நீலமாகி நின்றுபோன காலையில், முத்தன்விளை மேலத்தெருவில் புட்டுக்குழலை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த ஒருத்திக்கு, பனைமர உச்சியில் நின்று கடலைப் பார்த்த ஞாபகம் வந்தது. மரம் ஏறியே பழக்கமில்லாத அவள் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டாள். கால் தரையில்தான் இருந்தது, ஆனால் பாளையின் மணமும் காற்றில் மரம் ஆடிய ஆட்டமும் நேற்று நடந்ததுபோல உள்ளே இருந்தன. அதனால் புட்டைத் தட்டில் தட்டிவிட்டு, வேலியோரம் போய், பனையேறுகிற பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "உங்களுக்க ஞாபகம் ஒண்ணு எங்கிட்ட வந்து கெடக்கு" என்றாள். அவர் யோசித்துப் பார்த்து, தன்னிடமும் அது இருக்கிறது, போகவில்லை, அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றார். கல்யாண ஆல்பத்தைப் புரட்டியபோதுதான், தாலி கட்டிய நேரம் தன் மனதில் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. பனைமரம் அந்த இடத்தின் மேல்தான் வந்து உட்கார்ந்திருந்தது.

பிரிஸ்கா அந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தது அன்றைக்குப் பிற்பகலில். சுற்றுவட்டாரத்தில் கம்ப்யூட்டர் எது படுத்தாலும் ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு வருகிறவள் அவள்; அதே ஊர்க்காரி, கல்குவாரியில் டிப்பர் லாரி ஓட்டும் வறுவேலின் மனைவி. பெட்டியைத் திறந்து, மெமரி அட்டையைப் பிடுங்கி, அதன் மஞ்சள் பல்வரிசையைப் பள்ளிக்கூடத்து அழிரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகியதும் மிஷின் எழுந்துகொண்டது. "மெமரிதான் அண்ணாச்சி, தூசி பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பொழுது சாய்வதற்குள் அது மறுபடியும் நீலமாகி விழுந்தது. இந்தமுறை ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டருக்குப் பிரசவம் பார்த்த ஞாபகம் வந்தது, பார்த்ததுகூட இல்லை, பெற்ற ஞாபகம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் படுத்தவர், எழுந்த பிறகு மனைவியை வாடி போடி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அது ஊரில் வழக்கமாகிவிட்டது. கடையில் திரை நீலமாகும், ஊரில் யாரோ ஒருவர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நிற்பார், பக்கத்தில் இருப்பவர்கள் பால் பொங்கிவிடாமல் அடுப்பை அணைத்துவிட்டு, "என்ன வந்தது?" என்று கேட்பார்கள். நல்லது வந்தவர்கள் சொன்னார்கள், கெட்டது வந்தவர்கள் "ஒண்ணுமில்ல, தலைசுத்தல்" என்றார்கள். பங்குச்சாமியார் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து முழந்தாளிடுகிறவர்களிடம் முதல் கேள்வியாக, "சொந்தப் பாவமா, வந்த பாவமா?" என்று கேட்கத் தொடங்கினார், வந்த பாவத்துக்கு அபராதம் பாதிதான் என்று தெரிந்ததும் ஊரில் எல்லாருமே வந்த பாவம் என்றுதான் சொன்னார்கள், அதனால் அவருக்கும் சந்தேகம் வந்து, ஒரே பாவத்தை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று மனதுக்குள் கோத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

வந்த ஞாபகம் யாருடையது என்று கண்டுபிடிப்பது மட்டும் லேசாக இல்லை. எவருடைய ஞாபகத்திலும் அவருடைய முகம் இருப்பதில்லை. எதிரில் இருப்பவர் தெரிவார், சுவர் தெரியும், வெளிச்சம் தெரியும், தன்னில் தெரிவது கை மட்டும்தான். அதனால் முத்தன்விளை ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தார்கள். டீக்கடையில் கிளாசை நீட்டினால் வாங்குகிறவன் விரலைப் பார்த்தான். பெண்கள் வளையலைக் கழற்றி வைத்தார்கள், ஆண்கள் மோதிரத்தைக் கழற்றினார்கள், கொஞ்ச நாளில் துண்டுக்கு அடியில் கையை மறைத்துக்கொண்டு நடப்பது மரியாதையான பழக்கம் போல ஆகிவிட்டது. வார்டு மெம்பர் சுயம்பு ஒருவர்தான் தலைகீழாகச் செய்தார்: வேட்டி சேலை வழங்கப் போகும்போதெல்லாம் புறங்கையில் தன் பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டு போனார், அந்த ஞாபகம் எவருக்காவது போய்ச் சேர்ந்தால் வள்ளல் யாரென்று தெரியவேண்டும் அல்லவா.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுவிட்டால் தொல்லை விட்டது என்று ஊர் நினைக்காமல் இல்லை. ஒருநாள் அணைத்துப் பார்த்தார்கள். அன்றைக்கு யாருக்கும் எதுவும் மனதில் நிற்கவில்லை. சந்தித்துப் பேசிவிட்டுத் திரும்பியவர்கள் முகத்தைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து சுகம் விசாரித்தார்கள், சாமியார் பூசையை முடித்துவிட்டு உடனே அடுத்த பூசையைத் தொடங்கினார், ஜனங்களும் எழுந்து நின்று பதில் சொன்னார்கள், சோறு தின்றவன் பசிக்கிறது என்றான். தாணுலிங்கம் ஓடிப்போய் சுவிட்சைப் போட்ட பிறகுதான் ஊர் ஊராயிற்று. அப்புறம் யாரும் அணைக்கச் சொல்லவில்லை. பழுது பார்க்கத்தான் சொன்னார்கள்.

பிரிஸ்கா பார்த்தாள். மெமரி அட்டையை மாற்றிப் புதியது போட்டாள், விழுந்தது. விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினாள். கொஞ்ச நாள் நின்றது, தாணுலிங்கம் தன் சாமான்களையெல்லாம் திரும்பப் போட்டதும் விழுந்தது. நீலத் திரையில் ஒவ்வொருமுறையும் ஒவ்வொரு பெயர் வந்தது. ஒருநாள் சவுண்டின் பெயரைச் சொன்னது. சவுண்டைக் கழற்றிப் போட்டாள், மிஷின் ஊமையாயிற்று, விழுவது நிற்கவில்லை. இன்னொரு நாள் கைரேகை வைக்கிற கருவியைச் சொன்னது. அதையும் கழற்றினாள், ரேஷனுக்கு ரேகை வைக்க வந்த கிழவர்கள் திட்டிவிட்டுப் போனார்கள், விழுவது நிற்கவில்லை. குற்றம் சொல்லப்பட்டது எதுவும் குற்றம் செய்ததாக இல்லை.

சலூன் ஞானமுத்துவுக்கு அது வந்தது இந்தச் சமயத்தில்தான். மெம்பர் சுயம்புவின் தொண்டையில் கத்தியை வைத்திருந்த நேரம், ஞானமுத்து அப்படியே நின்றுவிட்டான். கத்தி லேசாக இறங்கி ரத்தம் சோப்பு நுரையில் கலந்தது, சுயம்பு மூச்சுவிடாமல் கண்ணை மட்டும் மேலே உருட்டினார். ஞானமுத்து கத்தியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"மழை. சாயங்காலம். வண்டிக்க உள்ள இருக்கேன். வைப்பரு ஒரு பக்கந்தான் ஓடுகு. திடீர்னு ஒரு சத்தம். கண்ணாடிக்கு அந்தால சைக்கிள் சக்கரம் மட்டும் சுத்துகு. கதவத் தொறக்கியதுக்குக் கை நீளுகு. அவ்வளவுதான், அதுக்குமேல வரல்ல."

"கை எப்பிடி இருந்தது?" என்று சுயம்பு கழுத்தைப் பிடித்தபடி கேட்டார்.

"ஆம்பளக் கை. மோதிரம் இல்ல. வேற ஒண்ணும் தெரியல்ல."

"கண்ணாடியில மொகம் தெரியல்லியா?"

"மழத்தண்ணிதான் தெரிஞ்சுது வேய்."

அது யாருடைய சாவு என்று ஊரில் எவரும் கேட்கவில்லை. கோயிலில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த ததேயு வாத்தியாரை, போன மழைக்கு முந்தின மழையில், குவாரி ரோட்டில் சைக்கிளில் வரும்போது எதுவோ அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. அடித்தது யாரென்று போலீசுக்கும் தெரியவில்லை. அவருடைய மனைவி ரோணிக்கம் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கதவில் தையல் கடை வைத்திருந்தாள். ஞானமுத்துவுக்கு வந்ததை யாரோ போய் அவளிடம் சொன்னபோது, மிஷினிலிருந்து காலை எடுக்காமல், "மிச்சம் யாருக்க கிட்ட வரும்?" என்று மட்டும் கேட்டாள்.

பிரிஸ்கா அன்றைக்குச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த வைப்பரைப் பற்றியே யோசித்தாள். வறுவேலின் பழைய லாரியில் வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மழைக்குப் பிறகு அவன் அந்த லாரியை விட்டுவிட்டு வேறு வண்டிக்கு மாறியிருந்தான். கோயிலுக்கு வந்தாலும் பாட்டு தொடங்கும் முன் வெளியே போய் நிற்கிறவனாக ஆகியிருந்தான். ஒரு சாயங்காலம் அவன் நனைந்து வந்து, தலை துவட்டாமல், அடுக்களை வாசலில் வெகுநேரம் நின்றது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அது தன் ஞாபகம்தானா, அல்லது ஊரில் வேறு எவளோ ஒருத்தி தன் புருஷனைச் சந்தேகித்த ஞாபகம் வந்து தன்னிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அவளுக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட வறுவேலின் இடது கை மேசைக்கு அடியில் இருந்தது. ஊரில் எல்லார் கையும் அப்படித்தான் இருந்தது, அதை வைத்து என்ன சொல்ல முடியும்?

பிரிஸ்கா மிஷினுக்கு மெமரியைச் சோதிக்கிற வேலையை வைத்தாள். விடியும்போது தொடங்கி இருட்டும்வரை மிஷின் தன் மெமரியின் ஒவ்வொரு இடத்திலும் எழுதியது, படித்தது, அழித்தது, மறுபடி எழுதியது, ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை. மறுநாள் அவள் அதைப் பார்த்துவிட்டு, கடையில் தாணுலிங்கத்திடம், "மெமரியில ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி. இது ஏதோ ஒரு டிரைவருக்க வேலை. தனக்குள்ள எடத்த விட்டு வெளிய வந்து அடிச்சிட்டுப் போயிருகு. விழுந்து கெடக்க எடத்துல போய்ப் பாத்தா அது அங்க நிக்காது, வேற எவனாவது நிப்பான், பழி அவன்மேல" என்றாள்.

தாணுலிங்கம் தலையாட்டினார். ஆதார் அட்டையை நகலெடுக்க நின்றிருந்த ஒருவர் தலையாட்டவில்லை. நகலைக்கூட வாங்காமல் வெளியே போனார். அவர் டீக்கடையில் சொன்னது இவ்வளவுதான்: "பிரிஸ்கா கண்டுபிடிச்சிட்டா. ஒரு டிரைவருதான். அடிச்சிட்டுப் போயிட்டானாம்."

அன்று சாயங்காலம் மினிபஸ் ஊருக்குள் வந்து நின்றபோது, டிரைவர் ஜெஸ்டினை ஜன்னல் வழியாக இழுத்து இறக்கினார்கள். குவாரி ரோட்டில் தினமும் போய்வருகிறவன் அவன்தான், அவன் கையில் மோதிரம் கிடையாது, இந்த இரண்டும் போதுமாக இருந்தது. "எனக்க வண்டிக்கு ரெண்டு வைப்பரும் ஓடும் அண்ணாச்சி, பாருங்க, ஓட்டிக் காட்டுகேன்" என்று அவன் கத்திக்கொண்டிருந்தான். கண்டக்டர் ஏறி வைப்பரை ஓட்டியும் காட்டினான், வெயிலில் காய்ந்த கண்ணாடியில் இரண்டும் கரகரவென்று ஓடின, அதற்குள் ஜெஸ்டினின் வலது கை முறிந்துவிட்டது. பிரிஸ்கா ஓடி வந்து, "நான் சொன்னது அந்த டிரைவர இல்ல, கம்ப்யூட்டருக்க உள்ள இருக்க டிரைவரு" என்று தொண்டை கிழியச் சொன்னாள். கூட்டம் அவளை உற்றுப் பார்த்தது. கூட்டத்தில் ஒருவர் மெதுவாக, "உனக்க மாப்பிளையும் டிரைவருதானே பிள்ளே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. பிரிஸ்காவை நடுவில் நிறுத்தி, எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொல் என்றார் சாமியார்.

அவள் சொன்னாள். கம்ப்யூட்டரின் உள்ளே பிரிண்டருக்கு ஒரு டிரைவர், சவுண்டுக்கு ஒரு டிரைவர், திரைக்கு ஒரு டிரைவர் என்று நிறைய பேர் வேலை செய்கிறார்கள், சாமானை ஓட்டுகிற நிரல்தான் டிரைவர். ஒவ்வொருவருக்கும் மெமரியில் இவ்வளவு விளை, இவ்வளவு தோட்டம் என்று அளந்து கொடுத்திருக்கிறது. அதில் ஒருவன் கள்ளத்தனமாக வேலி தாண்டிப்போய் அடுத்தவன் விளையில் நட்டுவிட்டு வந்துவிடுகிறான். அடுத்தவன் தன் விளைக்கு வந்து பார்க்கும்போது அங்கே அவன் நட்டது இல்லை, வேறு என்னமோ நிற்கிறது. அவன் அதைத் தொட்ட உடனே மிஷின் விழுகிறது. விழுந்த நேரத்தில் நிற்பவன் பெயர்தான் திரையில் வரும். நட்டவன் அப்போது வீட்டில் இருப்பான்.

"அவனப் பிடிக்க வழி உண்டா?" என்றார் சாமியார்.

"உண்டு சாமி. காவல் போடணும். எல்லா டிரைவரயும் சந்தேகிக்கணும், ஒருத்தரயும் விடாண்டாம். ஒவ்வொருத்தனுக்க விளைக்கும் சுத்தி முள்வேலி போட்டு வைக்க ஒரு ஏற்பாடு மிஷினுலேயே இருக்கு. எவன் வேலியத் தொடுகானோ அந்த நிமிஷமே மிஷின் அவனப் பிடிச்ச பிடியில விழும். அப்ப வரும் பேரு பொய் சொல்லாது."

"அப்ப மிஷின் விழணும்."

"விழ வைக்கணும். நாமளே."

ஒவ்வொருமுறை விழும்போதும் ஒரு ஞாபகம் வெளியே போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்ல நினைத்தவர்கள், சொன்னால் தங்களிடம் ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும் என்பதால் சொல்லவில்லை. செய்யலாம் என்று சொல்ல நினைத்தவர்கள், அடுத்த வீட்டு அந்தரங்கத்துக்கு அலைகிறவர்கள் என்று ஆகிவிடும் என்பதால் வாயைத் திறக்கவில்லை. மெம்பர் சுயம்பு மட்டும் எழுந்து, "ஊருக்க மானம்னு ஒண்ணு இருக்குல்லா" என்றார். எல்லாரும் அவர் கையைத் திரும்பிப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

ரோணிக்கம் எழுந்தாள். "ஜெஸ்டினுக்க கைய முறிச்சீயளே, அது எந்த மானத்துல? எனக்கு வேண்டியத எனக்கு வேண்டி நான் கேக்கேன். விழப் பண்ணு பிரிஸ்கா. நான் பக்கத்துல இருக்கேன்."

வீட்டுக்கு வந்து பிரிஸ்கா வறுவேலிடம் கேட்டாள். அவன் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தனக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று அவள் பயந்தாள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கவும் செய்தாள்.

"நாளைக்கு அந்த மிஷின விழப் பண்ணச் சொல்லுகாவ. செய்யட்டா?"

வறுவேல் மற்றக் காலையும் கழுவினான். "செஞ்சிரு" என்றான்.

அவளுக்கு மூச்சு வந்தது. அப்பமும் கறியும் வைத்து, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். இத்தனை நாளாக ஒரு நல்ல மனிதனைப் போய் வேவு பார்த்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

மறுநாள் முற்பகல், கடைக்கு முன்னால் ரோடு முழுக்க ஜனம் உட்கார்ந்திருந்தது, எல்லார் கையும் துண்டுக்கடியிலும் முந்தானைக்கடியிலும் இருந்தது. மிஷினுக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கனமான ஞாபகம் வரும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருந்ததால், ரோணிக்கம் ஸ்டூலை இழுத்து மானிட்டர் மேல் தோள் படுகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள். வறுவேல் ரோட்டுக்கு அந்தப் பக்கம், பாத்திரக்கடைப் படியில் நின்றான். பிரிஸ்கா எல்லா டிரைவருக்கும் காவல் போட்டு, மிஷினை அணைத்து எழுப்பினாள். அது வழக்கத்தைவிட மெதுவாக, ஒவ்வொருவனையும் உற்றுப் பார்த்துக்கொண்டு உள்ளே விடுகிற வாயிற்காவலனைப் போல, எழுந்து வந்தது.

"எதாவது வேல குடுங்க அண்ணாச்சி. நீங்க எப்பளும் செய்யக்கூடியது."

தாணுலிங்கம் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பிரிண்ட் கொடுத்தார். பிரிண்டர் காகிதத்தைக் கவ்வியதும் திரை நீலமாயிற்று. ரோட்டில் பாட்டா செருப்பு போட்ட ஒரு பெரியவருக்கு எவளோ ஒருத்தி கூந்தலில் மல்லிகை வைத்துக்கொண்ட ஞாபகம் வந்தது, அவர் பின்தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். பிரிஸ்கா திரையைப் படித்தாள். பிரிண்டரின் டிரைவர்.

"இந்தப் பிரிண்டர் எப்ப வந்தது?"

தாணுலிங்கம் பிரிண்டர்மேல் கையை வைத்துக்கொண்டார். டவுனில் மூடிய ஒரு கடையிலிருந்து மலிவாகக் கிடைத்ததென்றும், கூட டிஸ்க் இல்லாததால் இன்டர்நெட்டில் எங்கேயோ கிடந்த டிரைவரை எடுத்துப் போட்டுக்கொண்டதாகவும், சொன்னால் பிரிண்டரைத் தூக்கிப் போடச் சொல்லிவிடுவாளோ என்று சொல்லவில்லை என்றும் சொன்னார். ரோட்டில் இருந்தவர்கள் அவருடைய கையைப் பார்த்தார்கள். அவர் அதை மேசைக்கடியில் விட்டுக்கொண்டார்.

"ஒருக்க வந்த பேர நம்பாண்டாம்" என்றாள் ரோணிக்கம். "இன்னும் ஒருக்க."

பிரிஸ்காவுக்கு விரல் ஓடவில்லை. பேர் கிடைத்துவிட்டது, கழற்றிப் போட்டால் முடிந்துவிடும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். வறுவேல் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த ஊரிலேயே அன்றைக்கு வெளியே தெரிந்த கைகள் அவனுடையவை மட்டும்தான். அவள் பிரிண்ட் கொடுத்தாள்.

திரை நீலமாயிற்று. அதே பெயர். ரோணிக்கம் ஸ்டூலில் நிமிர்ந்தாள். அவள் கைகள் தானாக மேலெழுந்து, எதையோ கனமானதை வாங்கி மடியில் வைத்துக்கொள்வது போல இறங்கின. அவள் குளிரில் நடுங்குகிறவளைப் போல நடுங்கினாள்.

"அவரு தனியா சாவல்ல" என்றாள்.

"யாரு? கை யாருக்கது?" என்று ரோடு எழுந்து நின்று கேட்டது.

"கை நடுங்கிட்டிருந்தது. அடையாளம் தெரியல்ல."

ரோணிக்கம் எழுந்து தன் கடைக்குப் போய், வெட்டிப் போட்டிருந்த ஜாக்கெட் துணியை எடுத்து மிஷினில் வைத்தாள்.

பிரிஸ்கா அந்த டிரைவரை வேரோடு பிடுங்கினாள். அதன் துண்டு துணுக்கு ஒளிந்திருக்கும் இடங்களைத் தேடித் தேடி அழித்தாள், பிரிண்டர் கம்பெனியின் சொந்த டிரைவரை இறக்கிப் போட்டாள், சவுண்டையும் கைரேகைக் கருவியையும் திரும்பச் சேர்த்தாள், காவலை எடுத்துவிட்டு மிஷினை எழுப்பினாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வெளியே வந்தது, இன்னொன்று வந்தது, அடுக்கடுக்காக வந்தன, நீலம் வரவில்லை. இனி விழாது என்றாள். இடம் மாறிப்போன ஞாபகங்களைத் திருப்ப முடியுமா என்று கேட்டதற்கு, மேலே எழுதியதை எடுத்தாலும் அடியில் இருந்தது வராது என்றாள். அது யாருக்கும் பெரிய வருத்தமாக இல்லை. அதற்குள் வந்தவற்றோடு பழகிவிட்டிருந்தார்கள்.

போகாத பழக்கம் சந்தேகம் ஒன்றுதான். ஜெஸ்டின் கட்டுப்போட்ட கையோடு ரோட்டில் நடந்தால் கதவுகள் மூடின. மிஷின் சரியானதால் அவன் தப்பித்துக்கொண்டான் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரத்தில் ரோணிக்கம் தையல் கடையைப் பூட்டிவிட்டு டிரைவர்கள் வீட்டுக்கெல்லாம் போகத் தொடங்கினாள். ஆட்டோ, மீன் வண்டி, பள்ளிக்கூட வேன், குவாரி லாரி என்று ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்டாள்: "அவரு கடைசியா என்ன சொன்னாரு?" எனக்கெப்படித் தெரியும் என்று கோபப்பட்டார்கள் சிலர். தண்ணி கேட்டிருப்பாரு என்றார் ஒருவர். வேன் ஓட்டுகிறவர் மனமிரங்கி, உங்களுக்க பேரத்தான் சொல்லியிருப்பாரு அக்கா என்றார். அவள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். எந்த வீட்டில் அவள் அதிக நேரம் நிற்கிறாள் என்று ஊர் வேலி இடுக்குகளில் நின்று பார்த்தது. பிரிஸ்காவும் பார்த்தாள். தன் வீட்டை அவள் கடைசிக்கு வைத்திருக்கிறாள் என்பது தெரிந்தபோது, அவளுக்குத் துணி துவைக்கவும் முடியவில்லை, துவைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ரோணிக்கம் வந்தது காலையில். வறுவேல் வேலைக்குக் கிளம்ப, சட்டையை மேலே போட்டுக்கொண்டு நின்றிருந்தான். "இரிங்க அக்கா" என்று பிரிஸ்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். ரோணிக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். மற்ற வீடுகளில் அவள் உட்காரவில்லை.

"வறுவேலு, அவரு கடைசியா என்ன சொன்னாரு?"

எனக்கு எப்படித் தெரியும் என்ற மூன்று சொற்களை அவன் சொல்லவேண்டும் என்று பிரிஸ்கா மனதுக்குள் கெஞ்சினாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"சைக்கிளு அவருக்கது இல்லன்னு சொன்னாரு" என்றான் வறுவேல். "ஆருக்கதோ எரவல் சைக்கிளு. சக்கரம் கோணிப் போச்சு, நிமுத்திக் குடுத்துருங்கன்னாரு. நான் செரின்னேன். பின்ன ஒண்ணும் சொல்லல்ல. தலைய மடியில வச்சிட்டு இருந்தேன். நிமுத்திக் குடுக்கல்ல. வண்டியில ஏறிப் போயிட்டேன்."

அடுக்களை வாசலில் ஈரத்தோடு நின்ற அந்தச் சாயங்காலம் பிரிஸ்காவின் சொந்த ஞாபகம்தான்.

ரோணிக்கம் கண்ணைத் துடைக்கவில்லை. "செரிதான்" என்றாள். "அப்பிடித்தான் சொன்னாரு. அது எனக்கு வந்த எடத்துல முன்ன என்ன இருந்ததுன்னு தேடித் தேடிப் பாக்கேன். அவரு ஆர்கன் வாசிக்கியது இருக்கு, சண்ட போட்டது இருக்கு. அவரு சிரிச்சா எப்பிடி இருக்கும்னு மட்டும் எங்கயும் காணல்ல."

"அக்கா" என்றான் வறுவேல்.

"வண்டியில ஏறினப்ப உங்களுக்கு என்னெல்லாம் தோணிச்சுன்னு எனக்குத் தெரியும். அத எவருக்க கிட்டயும் நான் சொல்லமாட்டேன். ஆனா ஸ்டேஷனுக்கு வரணும். ஜெஸ்டினுக்க பிள்ளைய பள்ளிக்கூடத்துல கூட இருத்த மாட்டேங்குகாவ."

"வாறேன்" என்றான். சொன்ன வேகத்தில், நெடுநாளாகக் கிளம்பி நின்றவன் போல இருந்தது.

அவன் சட்டைப் பொத்தானைப் போடத் தொடங்கினான். விரல் நழுவியது. மறுபடி பிடித்தான், மறுபடி நழுவியது. பிரிஸ்கா நின்ற இடத்திலேயே நின்றாள். போய் உதவலாமா, இனி அந்த மனிதனைத் தொடலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நீயே போட்டுவிடு மக்கா" என்றாள் ரோணிக்கம், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "அந்தக் கைக்கு இப்ப முடியாது. எனக்குத் தெரியும்."